கலப்பு என்றால் கெட்டதா? சுத்தம் என்றால் நல்லதா?

போன வருஷம் ஆடி மாதம். ஒரு சனிக்கிழமை மாலை. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா வயிற்றெரிச்சலுக்கு மருந்து வாங்க வந்திருந்தார். கூடவே, படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகள்.

நாடி பார்த்தேன். சாப்பாட்டு முறையை விசாரித்தேன். காரம், புளியைக் குறைக்கச் சொன்னேன். அந்த அம்மா உடனே பெருமையாகச் சொன்னார்:

“நாங்க சாப்பாட்டுல ரொம்ப ஜாக்கிரதை டாக்டரய்யா! ஹைப்ரிட் தக்காளியைக் கையால தொடறதே இல்ல. நாட்டுத் தக்காளி கிடைக்கலேன்னா அன்னிக்குப் புளி ரசம்தான். இந்தக் கலப்புச் சமாசாரம் வந்த பிறகுதானே இத்தனை வியாதி?”

சித்த வைத்தியன் ஆயிற்றே, ‘ஆமாம்’ போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

“இவளுக்கு ஐப்பசியில கல்யாணம் வெச்சிருக்கோம். நீங்க கண்டிப்பா வரணும்.”

“ரொம்ப சந்தோஷம்மா. மாப்பிள்ளை யாரு?”

“வெளியில எதுக்குத் தேடணும்? என் கூடப்பிறந்த தம்பிதான்! சொத்தும் வெளியே போகாது. ரத்தமும் சுத்தமா இருக்கும்.”

என் பேனா நின்றுவிட்டது.

தக்காளியில் ‘சுத்தம்’ தேடுகிறார். கல்யாணத்திலும் ‘சுத்தம்’ தேடுகிறார். பயப்பட வேண்டாத இடத்தில் பயம். யோசிக்க வேண்டிய இடத்தில் தைரியம்! இந்த அம்மா மட்டும் இல்லை. நம்மில் பலரும் இப்படித்தான். அன்றைக்கு அவரை உட்காரவைத்து என்ன சொன்னேனோ, அதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

இரண்டு நோட்டு ரகசியம்

‘ஜீன்’ என்கிறார்களே, அது உடுத்துகிற ஜீன்ஸ் இல்லை. தமிழில் மரபணு. உடம்பு எப்படி உருவாக வேண்டும், எந்த உறுப்பு என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் அவை.

ஒரு சமையல் குறிப்பு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உயிருக்கும் அப்படி இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று அம்மா கொடுத்தது. இன்னொன்று அப்பா கொடுத்தது. நமக்கு நோட்டுக்கு 23 அத்தியாயம். இரண்டும் சேர்ந்து 46. அவற்றைத்தான் குரோமோசோம் என்கிறார்கள். தக்காளிக்கு நோட்டுக்கு 12, மொத்தம் 24.

இந்த இரண்டு நோட்டிலும் ஒரே குறிப்பு வரிக்கு வரி ஒன்றாக இருந்தால், அது தூய இனம். வேறு வேறாக இருந்தால் அது கலப்பினம். ஹைப்ரிட் என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்! அதில் விஷமும் இல்லை, மாயமும் இல்லை.

இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் ஒரு துறவி. இன்றைய செக் நாட்டில் இருக்கும் பிர்னோ நகரத்து மடத்தில் வாழ்ந்த கிரிகோர் மெண்டல். 1856-லிருந்து ஏழெட்டு வருஷம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்தார். தலைமுறை தலைமுறையாக நெட்டையாகவே வரும் செடியையும், குட்டையாகவே வரும் செடியையும் சேர்த்தார். பிறந்ததெல்லாம் நெட்டை! குட்டை எங்கே போயிற்று?

அந்தக் கலப்புச் செடிகளின் விதையை எடுத்து மறுபடி போட்டார். 787 செடி நெட்டை, 277 செடி குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. காணாமல் போன குட்டை திரும்பி வந்துவிட்டது!

ஆக, குட்டை அழியவில்லை. கலப்புச் செடியின் இரண்டாவது நோட்டில் ஒளிந்துகொண்டிருந்தது. ஒரு நோட்டில் ‘நெட்டை’ என்றும் இன்னொன்றில் ‘குட்டை’ என்றும் எழுதியிருந்தால், செடி நெட்டையின் பேச்சைத்தான் கேட்கும். இரண்டிலும் ‘குட்டை’ என்று இருந்தால் மட்டுமே அது குட்டையாக வளரும்.

இந்த ‘ஒளிந்துகொள்ளும்’ சமாசாரத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது.

தக்காளி பாவம்!

முதலில் தக்காளி வழக்கை முடித்துவிடுவோம்.

ஹைப்ரிட் விதை என்றால், இரண்டு தூய ரகங்களை வேண்டுமென்றே சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதை. செடி வீரியமாக வளரும், எல்லாம் ஒரே மாதிரி காய்க்கும். ஆனால் அந்தப் பழத்தின் விதையை எடுத்து நீங்கள் தொட்டியில் போட்டால்? மெண்டலின் பட்டாணி கதைதான். ஒன்று உருண்டையாக, ஒன்று நீளமாக, ஒன்று சொத்தையாக... பிரிந்து பிரிந்து வரும். அதனால்தான் விவசாயி ஒவ்வொரு போகத்துக்கும் விதை வாங்க வேண்டியிருக்கிறது. அது அவருடைய பணப்பையின் கவலை. நியாயமான கவலை. நம் வயிற்றின் கவலை இல்லை.

“அப்படின்னா ருசி ஏன் இல்ல?” என்று கேட்பீர்கள். லாரியில் அடுக்கினால் நசுங்கக் கூடாது என்று கெட்டித் தோல் உள்ள ரகமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போதாததற்குக் காயாகவே பறித்துவிடுகிறார்கள். ருசி போனதற்குக் காரணம் இவைதான். கலப்பு இல்லை. செடியிலேயே பழுத்த ஹைப்ரிட் தக்காளியைச் சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஹைப்ரிட் வேறு, ‘மரபணு மாற்றியது’ வேறு. முன்னது மகரந்தம் மாற்றி வைப்பது. பின்னது ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட மரபணுவைச் செருகுவது. நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரிக்காயை 2010-ல் நிறுத்திவைத்துவிட்டார்கள். உங்கள் தெருக் கடைத் தக்காளி மரபணு மாற்றியது அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் ‘நாட்டு’ என்று கொண்டாடும் தக்காளியே தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான்! பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.-1 போன்ற ரகங்கள் தூய ரகங்கள். விதை எடுத்துப் போட்டால் அதே மாதிரி வரும். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் லாபம். இரண்டில் எதை வாங்கினாலும் நன்றாகக் கழுவிச் சமையுங்கள். பூச்சிமருந்துக்கு நாட்டு, ஹைப்ரிட் என்ற பேதம் கிடையாது.

பூவன் பழமும் பொன்னி அரிசியும்

“விதையில்லாத கலப்புப் பழம் சாப்பிட்டா பிள்ளை பிறக்காதாமே?” — இது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி. புதுசாகக் கல்யாணம் ஆன பெண்களைப் பெரியவர்கள் இப்படிப் பயமுறுத்தி வைக்கிறார்கள்.

சாமிக்குப் படைக்கிற பூவன் பழம் இருக்கிறதே, அதுவே ஒரு கலப்பினம்! ரஸ்தாளி, மொந்தன், நேந்திரன், கற்பூரவல்லி எல்லாமே அப்படித்தான். இரண்டு காட்டு வாழை இனங்கள் எந்தக் காலத்திலோ தாமாகவே சேர்ந்து பிறந்தவை. இவற்றுக்கு இரண்டு நோட்டுக்குப் பதிலாக மூன்று நோட்டு. மூன்றை ஜோடி சேர்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் விதை வைப்பதில்லை. பாட்டன் காலத்திலிருந்து அந்தப் பழத்தைச் சாப்பிட்டுத்தானே நம் வீடுகளில் பிள்ளை பெற்றார்கள்?

கோவேறு கழுதை கதையும் இதுதான். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சேராது. அதனால் அது மலடு. ஆனால் அது அந்தப் பிராணியோடு முடிந்துபோகிற விஷயம். நாம் சாப்பிடுகிற பண்டத்தின் மரபணு வயிற்றில் செரித்துப் போகும். நம் கர்ப்பப்பைக்கு வந்து உட்காராது.

இப்போது பொன்னி. “ஹைப்ரிட் அரிசி வேண்டாம், பொன்னி கொடுங்க” என்கிறோம். பொன்னியின் பூர்வீகம் என்ன தெரியுமா? தைவான் நெல் ஒன்றையும் மலேயா நெல் ஒன்றையும் சேர்த்துப் பிறந்த மசூரி ரகம். அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியை 1986-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆக, வம்சம் கலப்பு! ஆனால் இன்றைய பொன்னி ஹைப்ரிட் இல்லை. நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதி பாதியாகக் குறையும். ஏழெட்டுத் தலைமுறை போனால் 100-க்கு 99 பங்குக்கு மேல் இரண்டு நோட்டும் ஒன்றாகிவிடும்.

புரிகிறதா? கலப்பில் பிறந்தது தூய ரகம் ஆகலாம். ‘சுத்தம்’ என்பது ஆதிகாலத்திலிருந்து வந்த பரிசுத்தம் எதுவும் இல்லை. இரண்டு நோட்டும் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கலந்தால் ஏன் வீரியம்?

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ‘நெட்டை குட்டை’ தென்னை தெரியும். 1932-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நீலேஸ்வரத்தில் ஜே.எஸ். பட்டேல் என்ற விஞ்ஞானி நெட்டை ரகத்தையும் குட்டை ரகத்தையும் சேர்த்தார். அப்படிப் பிறந்தது கலப்பினத் தென்னை. சீக்கிரம் காய்த்தது, நிறையக் காய்த்தது.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் என்பவர் 1908-ல் மக்காச்சோளத்தை வைத்து இதையே காட்டினார். ஒரே செடியின் மகரந்தத்தை அதற்கே போட்டுப் போட்டுச் சுத்தமாக்கினார். தலைமுறைக்குத் தலைமுறை செடி சிறுத்தது, கதிர் சுருங்கியது. அப்படி நலிந்த இரண்டு தூய ரகங்களைச் சேர்த்தார். அடுத்த தலைமுறை நிமிர்ந்து நின்றது!

ஏன் இப்படி?

நம் சமையல் நோட்டுக்கே வருவோம். பழைய நோட்டு என்றால் நாலைந்து பக்கம் கிழிந்திருக்கும். அம்மா நோட்டில் சாம்பார் பக்கம் கிழிந்திருந்தால் என்ன செய்வோம்? அப்பா வீட்டு நோட்டைப் பார்த்துச் சாம்பார் வைப்போம். வீட்டில் யாருக்கும் கிழிசல் தெரியவே தெரியாது. ஆனால் இரண்டு நோட்டும் ஒரே மூலத்திலிருந்து எடுத்த ஜெராக்ஸாக இருந்தால்? ஒன்றில் கிழிந்த இடமே இன்னொன்றிலும் கிழிந்திருக்கும். அன்றைக்குச் சாம்பார் கிடையாது!

கலப்பினத்தின் பலத்துக்குப் பெரிய காரணம் இதுதான். ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடுகிறது.

“அப்படின்னா நெல்லும் பட்டாணியும் சுத்தமா இருந்தும் நல்லாத்தானே இருக்கு?” நல்ல கேள்வி. அவை ஆயிரமாயிரம் தலைமுறையாகத் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்து வந்தவை. கிழிசல் இருந்த செடிகள் வெளிப்பட்டு, நலிந்து, செத்து ஒழிந்தன. தப்பியவைதான் இன்று இருப்பவை. விவசாயியும் சொத்தையைப் பிடுங்கிப் போட்டான்.

வயலில் பிடுங்கலாம். வீட்டுத் தொட்டிலில்?

தாய்மாமன் கணக்கு

கிழிசல் இல்லாத மனிதர் கிடையாது. உங்களிடமும் உண்டு, என்னிடமும் உண்டு. இன்னொரு நோட்டு மூடிக்கொண்டிருப்பதால் நமக்குத் தெரியவில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது, ஒரே தாத்தா பாட்டியின் நோட்டு இரண்டு வழியாக வந்து ஒரே குழந்தையிடம் சேருகிறது. ஜெராக்ஸ் ஜெராக்ஸோடு சந்திக்கிறது!

அன்றைக்கு அந்த அம்மாவுக்கு மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் பாருங்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் பாட்டியும் ஒரே ஆள். அந்தப் பாட்டியின் ஒரு நோட்டில் ஒரு கிழிசல் என்று வைத்துக்கொள்வோம். அது மகனுக்கு, அதாவது மாப்பிள்ளைக்கு, வர 2-ல் 1 வாய்ப்பு. மகள் வழியாகப் பேத்திக்கு வர 4-ல் 1. இருவரிடமும் இருக்க 8-ல் 1. இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நோட்டும் கிழிந்து வர 4-ல் 1. எல்லாம் பெருக்கினால் 32-ல் 1.

அதே மாப்பிள்ளை அசலில் பெண் எடுத்தால்? அந்தக் கிழிசல் ஊரில் 100 பேரில் ஒருவரிடம் இருப்பதாக வைத்தால், 800-ல் 1. முப்பத்திரண்டு எங்கே, எண்ணூறு எங்கே! இது ஒரே ஒரு கிழிசலுக்கு. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் சேர்த்து எத்தனை கிழிசலோ?

இன்னொன்று கவனியுங்கள். சித்தி மகனை ‘அண்ணன்’ என்கிறோம், கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டோம். அத்தை மகனை ‘முறை மாப்பிள்ளை’ என்கிறோம். மரபணுவுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது! இரண்டு பேரும் நமக்கு ஒரே அளவு நெருக்கம். அத்தை மகன், மாமன் மகளுக்குப் பிறக்கும் குழந்தைக்கு 16-ல் ஒரு பங்கு இடங்களில் இரண்டு நோட்டும் ஒரே மூலத்தின் ஜெராக்ஸாக இருக்கும். தாய்மாமன் கல்யாணத்தில் அது 8-ல் ஒரு பங்கு. இரண்டு மடங்கு!

ராஜ வம்சங்கள் இதே ‘சுத்த ரத்தம்’ ஆசையில் அழிந்திருக்கின்றன. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் 1649-ல் தன் உடன்பிறந்த சகோதரியின் மகளையே மணந்தார். நம் ஊர்க் கணக்கில் தாய்மாமன் கல்யாணம்! அவர்கள் மகன் இரண்டாம் சார்லஸ் பிறவியிலிருந்தே நோயாளி. பேச்சும் நடையும் தாமதம். இரண்டு கல்யாணம் செய்தும் பிள்ளை இல்லை. 1700-ல் 38 வயதில் இறந்தார், வம்சம் முடிந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகளிலும் சொந்தத்திலேயே முடித்துவந்ததால், அவருடைய மரபணுவில் நாலில் ஒரு பங்கு ஜெராக்ஸ் என்று 2009-ல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அண்ணன் தங்கைக்குப் பிறந்தால் என்ன அளவோ, அந்த அளவு!

சார்லஸ் டார்வின் 1839-ல் தாய்மாமன் மகள் எம்மாவை மணந்தார். பத்துப் பிள்ளைகள். மூன்று சிறுவயதிலேயே இறந்தன. சொந்தம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கவலை அவரை அரித்தது. வருஷக்கணக்கில் செடிகளைச் சொந்த மகரந்தத்திலும் அசல் மகரந்தத்திலும் வளர்த்து ஒப்பிட்டு, 1876-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். பொதுவாக, அசல் மகரந்தத்தில் வந்த செடிகளே ஓங்கி வளர்ந்தன.

நம் கதைக்கு வருவோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நாலில் ஒரு பெண்ணுக்கு மேல் சொந்தத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். இவ்வளவு பேரையும் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. சொந்தத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் கோளாறு இருக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் உறவில் அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று சேரும். தாய்மாமன் உறவில் அதைவிடக் கூடும். அவ்வளவுதானே என்று தோன்றும். அந்தக் கூடுதல் குழந்தை நம் வீட்டில் பிறக்கும் வரை!

என் அக்கா வீட்டில்...

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

என் அக்காவை எங்கள் தாய்மாமனுக்குத்தான் கொடுத்தார்கள். தங்கமான மனுஷர். முதல் பையன் நன்றாக இருந்தான். இரண்டாவது பெண். பத்து மாதம் ஆகியும் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பின்னால் தாம்பாளம் விழுந்தாலும் அவள் பாட்டுக்கு விளையாடுவாள்.

நான் அப்போதுதான் சித்த மருத்துவக் கல்லூரியை முடித்து வந்திருந்தேன். பட்டம் வாங்கிய ஜோரு! “பேச்சு சில பிள்ளைகளுக்கு லேட்டாத்தான் வரும்க்கா” என்றேன். தைலம் காய்ச்சிக் கொடுத்தேன். வசம்பு உரசிக் கொடுக்கச் சொன்னேன். அக்கா என்னை நம்பினாள். இரண்டு வருஷம் ஓடியது.

அவளுக்கு மூன்று வயது தாண்டித்தான் காது பரிசோதனைக்குக் கொண்டு போனோம். இரண்டு காதும் பிறவியிலிருந்தே கேட்கவில்லை. “இன்னும் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?” என்று அந்த டாக்டர் கேட்டபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. குழந்தை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயது முதல் மூன்று வருஷம். அதை என் தைலம் தின்றுவிட்டது.

இன்று அவள் பெரியவளாகி, ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். கைச்சைகையில் என்னோடு நன்றாகச் சண்டை போடுவாள். கெட்டிக்காரி. ஆனாலும், அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை.

அதனால் ஒரு வைத்தியனாகச் சொல்கிறேன். சித்த மருத்துவத்தில் எத்தனையோ நோய்க்கு நல்ல மருந்து உண்டு. ஆனால் கிழிந்த மரபணுவை ஒட்டும் லேகியமோ, பஸ்பமோ, தைலமோ கிடையாது. ‘இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், காலத்தைக் கொடுக்காதீர்கள்!

சொந்தம் இல்லை, ஆனால்...

“நாங்க சொந்தத்துல செய்யலையே, எங்க ஆளுங்களுக்குள்ளதான் செஞ்சோம்” என்பார்கள் சிலர். ஒரு சின்னக் கூட்டம் நூற்றுக்கணக்கான வருஷமாகத் தனக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து வந்தால், அதுவும் ஜெராக்ஸ் கதைதான், கொஞ்சம் மெதுவாக. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2017-ல் தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தார்கள். உலகில் இந்த விஷயத்துக்குப் பேர்போனவர்கள் பின்லாந்துக்காரர்களும் ஐரோப்பிய யூதர்களும். அவர்களையும் மிஞ்சும் அளவுக்கு நெருக்கம் 81 சமூகங்களில் தெரிந்தது. ‘சுத்தம்’ என்று நாம் பெருமைப்படுவதை மரபணு எப்படிப் படிக்கிறது, பார்த்தீர்களா?

மருந்துச் சீட்டின் பின்பக்கம்

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கணக்குப் போட்ட சீட்டிலேயே குடும்ப மரத்தையும் வரையச் சொன்னேன். அம்மா சொல்லச் சொல்ல மகள் கோடு போட்டாள். தாத்தாவும் பாட்டியுமே அத்தை மகன், மாமன் மகள் என்று தெரிந்தது. அப்போது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்:

“அம்மா... பாட்டிக்கு வாய் பேச வராத தம்பி ஒருத்தர் இருந்தார்னு சொல்வியே?”

அம்மா பதில் சொல்லவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ‘கல்யாணத்தை நிறுத்துங்கள்’ என்று சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை. “பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னால, மரபணு ஆலோசனை சொல்ற டாக்டர் ஒருத்தரைப் பாத்துடுங்க. இந்தச் சீட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க” என்றேன். ஒரு மெடிக்கல் காலேஜ் மருத்துவமனைக்கு வழி எழுதிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் அந்த அம்மா மறுபடி வந்தார். பையில் தக்காளி.

“ஹைப்ரிட்தான் டாக்டரய்யா, ரசம் நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தார். பிறகு, “தம்பிக்கு வெளியில பொண்ணு பாக்கறோம். முதல்ல அவன் முகம் கொடுத்துப் பேசல. இவதான் போய், ‘மாமா, நீங்க எனக்கு எப்பவும் மாமாதான்’னு சொன்னா. அப்புறம்தான் சமாதானம் ஆனான்” என்றார்.

தக்காளியைக் கூடையில் நாட்டா, ஹைப்ரிட்டா என்று பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதற்குச் செலவழிக்கிற கவலையில் பாதியையாவது கல்யாணப் பேச்சு எடுக்கும்போது எடுத்து வையுங்கள். ஜாதகக் கட்டம் பார்க்கிற அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் குடும்ப மரத்தையும் வரைந்து பார்த்துவிடுங்கள்.

சொந்தத்தில் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா? பதற வேண்டாம். இதைச் செய்யுங்கள்:

● இரண்டு வீட்டுக் குடும்ப மரத்தையும் மூன்று தலைமுறைக்கு வரையுங்கள். காது கேளாதவர், பார்வை இல்லாதவர், மூளை வளர்ச்சி குன்றியவர், காரணம் தெரியாமல் சிறுவயதில் இறந்த குழந்தை — எதையும் மறைக்காதீர்கள்.

● கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள். தலசீமியா போன்ற ரத்தக் குறைகள் ஒளிந்திருக்கின்றனவா என்று கணவன், மனைவி இருவருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு.

● கர்ப்பத்தில் 11–14 வாரத்திலும் 18–20 வாரத்திலும் செய்ய வேண்டிய ஸ்கேன்களைத் தவறவிடாதீர்கள். சொந்தத்தில் கல்யாணம் என்பதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

● பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை. சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். ‘லேட்டாப் பேசும்’ என்று காத்திருக்காதீர்கள்.

● குழந்தைக்குக் குறை இருந்தால் தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த வகைக் குறைக்கு அம்மா நோட்டும் அப்பா நோட்டும் இரண்டும் கிழிந்திருக்க வேண்டும். பாதி அவருடையது என்றால், பாதி இவருடையது!